தாதியர் பயிற்சிக்குப் போகாத பிள்ளைகள்

தம்பிலுவிலில் ஒரு பெண்பிள்ளை உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள் என்றால், "டொக்டருக்குக் கிடைக்காட்டி நேர்ஸுக்குப் போடலாம்" என்று அந்த வீட்டில் யாராவது ஒருவர் சொல்லியிருப்பார். அக்கரைப்பற்றில் அதே பாடத்தைப் படிக்கிற பிள்ளையின் வீட்டில், டொக்டருக்குக் கிடைக்காவிட்டால் அடுத்த சொல் ரீச்சர். அதுவும் இல்லையென்றால் மாப்பிள்ளை. இரண்டு ஊர்களுக்கும் இடையில் இருப்பது பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் றோட்டு. பொத்துவிலிலிருந்து கல்முனைக்கு ஓடுகிற பஸ் இரண்டு ஊர்களுக்குள்ளாலும்தான் போகிறது. ஒரே கடல், ஒரே வயல்வெளி. இரண்டு ஊர்களிலும் தாய்வழிக் குடி முறை இருக்கிறது. இரண்டு ஊர்களிலும் மகளுக்கு வீடும் வளவும் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுக்கிறார்கள். இவ்வளவும் ஒன்றாக இருக்க, இந்த ஒரு வார்த்தை மட்டும் ஏன் பன்னிரண்டு கிலோமீற்றருக்குள் மாறிப்போகிறது என்பதை ஏறத்தாழ முப்பது வருடங்களாக நான் யோசித்துக்கொண்டே டியூட்டிக்குப் போய் வருகிறேன்.

நான் அக்கரைப்பற்றுக்காரி. இப்போது கரையோரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வாட் சிஸ்டராக இருக்கிறேன். காலை பஸ்ஸில் என்னோடு வருகிற தாதியரில் பலர் தம்பிலுவிலிலும் திருக்கோவிலிலும் ஏறியவர்கள். அவர்களுடைய பேச்சில் ரோஸ்டர் இருக்கும், சம்பள நிலுவை இருக்கும், பிள்ளையின் ஸ்கொலர்ஷிப் பரீட்சை இருக்கும். எங்களூரில் ஏறுகிறவர்கள் முன்பை விடக் கூடியிருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஊரின் அளவுக்கு அது போதாது. எங்களூர் வாட்டில் படுத்திருக்கிற பெண்களின் எண்ணிக்கைக்கு அது அறவே போதாது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்குக் காரணம் தம்பிலுவில் அக்கா ஒருவர். உம்மாவுக்கு வயிற்றில் ஒப்பரேஷன் செய்து வாட்டில் போட்டிருந்த நாட்களில் இரவு டியூட்டியில் இருந்தவர் அவர். உம்மா ஆம்பிளை அட்டெண்டன் யாரும் தன்னைத் தொடக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். அந்த அக்கா திரையை இழுத்து மூடி, உம்மாவைத் தனியாகவே திருப்பிப் படுக்கவைத்து, துடைத்து, உடுப்பு மாற்றி, முக்காட்டைத் தலையில் சரியாகப் போட்டுவிட்டுத்தான் திரையைத் திறப்பார். மூன்றாம் நாள் உம்மா வாப்பாவிடம் சொன்னார்: "நம்மட ஆக்கள்ள இப்பிடி ஒரு புள்ள இல்லியே." வாப்பா நெல் வியாபாரி, அதிகம் பேசாதவர். நான் அப்போது உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். அக்கா என்னைப் பார்த்துச் சொன்னது இன்னும் ஞாபகம்: "தங்கச்சி, நீங்க பயோதானே செஞ்சீங்க? வர்த்தமானி வரும், பாருங்க. வீட்டில இருந்து என்ன செய்யப் போறீங்க?"

வாப்பா மறுக்கவில்லை. மறுத்தவர்கள் சாச்சாமாரும் மாமிமாரும். "இவ நேர்ஸ் வேலைக்குப் போனா பொறகு ஆரு முடிப்பான்?" என்ற கேள்வியை ஒவ்வொருவரும் ஒவ்வொரு தொனியில் கேட்டார்கள். வாப்பா எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். 1994இல் ஒரு தகரப் பெட்டியோடு என்னை மட்டக்களப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். கல்முனை தாண்டி கல்லடிப் பாலம் வரைக்கும் இடையிடையே சோதனைச் சாவடிகள். ஒவ்வொன்றிலும் இறங்கி நடந்து மறுபடி ஏறினோம். 1990 ஜூனுக்குப் பிறகு இந்தக் கரையில் தமிழர் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையில் என்ன நடந்தது என்பதை இந்த வாசகர்களுக்கு நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஒரு முஸ்லிம் தகப்பன் தன் குமர்ப்பிள்ளையை மட்டக்களப்பு நகரத்தில் ஹொஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பி பஸ் ஏறுவது அந்தக் காலத்தில் சின்ன விடயமல்ல. அதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

எங்கள் தொகுதியில் தம்பிலுவில், திருக்கோவில் பக்கத்துப் பிள்ளைகள் நான்கு பேர் இருந்தார்கள். அக்கரைப்பற்றிலிருந்து நான் ஒருத்தி. முதல் மாதம் யாரும் யாரோடும் அதிகம் பேசவில்லை. பிறகு கட்டில் விரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டில் விரிப்பது என்பது, ஆள் படுத்திருக்கவே அடியில் இருக்கிற சீலையை மாற்றி, மூலைகளை உறை மாதிரி மடித்து, ஒரு சுருக்கமும் இல்லாமல் இழுப்பது. சுருக்கம் இருந்தால் படுத்தபடியே கிடக்கிற நோயாளிக்கு அந்த இடத்தில் புண் வரும். இதை ஒருத்தி தனியாகச் செய்ய முடியாது; இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி நிற்க வேண்டும். எனக்கு எதிர்ப் பக்கம் நின்றவள் தம்பிலுவில் பிள்ளை. அப்படித்தான் பேச்சுத் தொடங்கியது. நோன்பு காலத்தில் சஹருக்கு என்னை எழுப்பியவளும் அவள்தான். தலைமாட்டில் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு படுப்பாள். நான் எழும்பிச் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்து உடற்கூற்றியல் எலும்புகளின் பெயரைப் பாடமாக்கிக்கொண்டிருப்பாள்.

பயிற்சி என்றால் ஊசி போடுவதும் புண் கட்டுவதும் என்று எங்கள் பக்கம் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்று வருடம் அதற்கு எதற்கு? மருந்தின் அளவைக் கணக்குப் போடப் படித்தோம். குழந்தைக்குக் கொடுக்கிற மருந்தில் ஒரு புள்ளி தவறினால் பத்து மடங்கு போய்விடும். மூச்சை எண்ணவும், எண்ணிக்கையை விட மூச்சின் தன்மையைப் பார்க்கவும் படித்தோம். சேலைன் துளி எத்தனை நிமிடத்துக்கு எத்தனை, சிறுநீர் எத்தனை மில்லிலீற்றர், உள்ளே போனதும் வெளியே வந்ததும் கணக்கில் சரிவருகிறதா என்று இரவு முழுக்க எழுதப் படித்தோம். டொக்டர் ஒரு நாளைக்கு ஒரு தரமோ இரண்டு தரமோ வாட்டுக்கு வருவார். மற்ற நேரம் முழுக்க அந்த ஆளின் உடம்பில் என்ன மாறுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பவள் தாதி. மாற்றத்தை முதலில் காண்கிறவளும் அவள்தான். அவள் காணவில்லை என்றால் யாரும் காணமாட்டார்கள். மலச்சட்டி எடுக்கிற வேலை என்று எங்களூரில் மூக்கைச் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அந்தச் சட்டியைப் பார்த்துத்தான் குடலுக்குள் இரத்தம் போகிறதா என்று நாங்கள் கண்டுபிடிக்கிறோம்.

சீருடையைப் பற்றிப் பேசாமல் எங்கள் சமூகத்தில் இந்த விடயத்தைப் பேச முடியாது. வெள்ளைக் கவுன், வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சப்பாத்து. ஊரிலிருந்து சாரி உடுத்து முக்காடு போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து, ஆஸ்பத்திரியில் உடுப்பு மாற்றி, திரும்பும்போது மறுபடி மாற்றிக்கொண்டு போனேன். பிறகு சாரிக்குப் பதில் அபாயா வந்தது. மாற்றுகிற வேலை சுலபமானது. பல வருடம் ஒரே ஆள் இரண்டு உருவத்தில் இருந்தேன். ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் வாட்டில் என்னை அடையாளம் காணாமல் "மிஸ், மிஸ்" என்று கூப்பிட்டு, பிறகு குரலைக் கேட்டுத் திடுக்கிட்டதுண்டு. ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், தலையை மூடினால் நோயாளிக்குத் தொற்று வரும் என்று எனக்கு விளக்கம் சொன்னார்கள். ஒப்பரேஷன் தியேட்டருக்குள் போகிற எல்லோரும் தலையை மூடிக்கொண்டுதானே போகிறார்கள் என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

தொற்று என்பது நியாயமான கவலை. ஆனால் அது கைக்குத்தான் அதிகம் பொருந்தும். கை கழுவ வேண்டுமானால் முழங்கை வரை துணி இருக்கக்கூடாது. பிரித்தானியாவில் இதே பிரச்சினை முஸ்லிம் பெண்களுக்கு வந்தபோது, 2010இல் அங்கத்தைய சுகாதாரத் திணைக்களம் பாவித்துவிட்டு எறிகிற கைக்கவசத்தை முன்கையில் போட்டுக்கொள்ளலாம் என்று வழிகாட்டல் வெளியிட்டது. மலேசியாவின் அரச ஆஸ்பத்திரிகளில் தலை மூடிய தாதியர் சாதாரணக் காட்சி. ஆகவே தீர்வு இல்லாத விடயம் அல்ல இது. இங்கே அதை உட்கார்ந்து பேசுவதற்கு எங்கள் பக்கத்தில் ஆள் வேண்டும். ஒரு வாட்டில் ஒருத்தி கேட்டால் அது அவளுடைய வம்பு. இருபது பேர் கேட்டால்தான் அது கோரிக்கை. அந்த இருபது பேர் சேரும் வரைக்கும் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்றால், சேர்வது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

ஆனால் என்னைக் கேட்டால் சீருடை பெரிய தடையல்ல. பெரிய தடை காலம். அது யாருடைய கண்ணிலும் படாமல் வேலை செய்கிறது. உயர்தரம் எழுதி, பெறுபேறு வந்து, சுகாதார அமைச்சு வர்த்தமானியில் விண்ணப்பம் கோரி, நேர்முகம் வைத்து, பயிற்சிக்கு அழைக்கும் வரை சில வருடங்கள் ஓடிவிடுகின்றன. தம்பிலுவில் பிள்ளை அந்த வருடங்களில் ரியூசன் கொடுக்கிறாள், கம்பியூட்டர் படிக்கிறாள், காத்திருக்கிறாள். எங்கள் பிள்ளைக்கு அந்த வருடங்களில் கலியாணம் பேசுகிறார்கள். என் காலத்து வர்த்தமானியில், விண்ணப்பிக்கிறவர் மணமாகாதவராக இருக்க வேண்டும், பயிற்சி முடியும் வரை அப்படியே இருக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. விதியை விடுங்கள்; கைக்குழந்தையோடு மூன்று வருடம் ஹொஸ்டலில் இருக்க யாரால் முடியும்? அழைப்புக் கடிதம் வந்த அன்று அதை என்னிடம் கொண்டுவந்து காட்டி அழுத பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். ஒருத்தி ஏழு மாத வயிற்றோடு வந்தாள். அவளை யாரும் தடுக்கவில்லை. "நேர்ஸுக்குப் போகாதே" என்று அவளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாப்பிள்ளை வந்தது, முடித்துவைத்தார்கள், அவ்வளவுதான்.

ஊரில் கேட்டால், பெண்பிள்ளையை வெளியே விட மனமில்லை, இரவு டியூட்டி நமக்குச் சரிவராது என்று சொல்வார்கள். இதை நான் பணிவோடு மறுக்கிறேன். எழுபதுகளின் கடைசியிலிருந்து இந்தக் கரையோர ஊர்களின் பெண்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்ததே அந்த ஓட்டத்தின் பிறகுதான். அவர்கள் போய் என்ன செய்கிறார்கள்? சமைக்கிறார்கள், கூட்டுகிறார்கள். அதோடு படுத்த படுக்கையான கிழவிகளைக் குளிப்பாட்டுகிறார்கள், சர்க்கரை வருத்தக்காரரின் கால் புண்ணைக் கழுவுகிறார்கள், குழந்தை பார்க்கிறார்கள், இரவில் எழும்புகிறார்கள். இது தாதியின் வேலைதான். பயிற்சி இல்லை, பதிவு இல்லை, எட்டு மணித்தியாலத்தில் முடிகிற ஷிப்ட் இல்லை, ஓய்வூதியம் இல்லை என்பதுதான் வித்தியாசம். அந்த வீடுகளில் உள்ளவர்களுக்கு வருத்தம் வந்தால் போகிற ஆஸ்பத்திரியில், மலையாளிப் பெண்களும் பிலிப்பைன்ஸ் பெண்களும் அதே வேலையைச் சான்றிதழோடு செய்துகொண்டிருக்கிறார்கள். மகளுக்கு வீடு கட்ட உம்மா ரியாத்துக்குப் போகலாம், மகள் மட்டக்களப்புக்குப் படிக்கப் போகக்கூடாது. இந்தக் கணக்கு எனக்கு ஒருநாளும் சரிவந்ததில்லை.

மூதூர் றிசானா நபீக்கை நாங்கள் எல்லோரும் அறிவோம். 2005 மே மாதத்தில் அந்தப் பிள்ளை சவூதிக்குப் போனபோது வயது 17. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி எழுதியிருந்தார்கள். வீட்டு வேலைக்கென்று போனவளிடம் நான்கு மாதக் குழந்தைக்குப் போத்தலில் பால் கொடுக்கிற வேலையும் வந்து சேர்ந்தது. போய்ச் சில வாரங்களுக்குள் அவளுடைய கையில் குழந்தை இறந்தது. பால் புரையேறியது என்பது அவளுடைய தரப்பு. கழுத்தை நெரித்தாள் என்பது வழக்கு. 2007இல் மரணதண்டனை விதித்தார்கள், 2013 ஜனவரி 9ஆம் திகதி நிறைவேற்றினார்கள். அவளைப் பற்றி எங்கள் சஞ்சிகைகளில் எத்தனையோ கவிதைகள் வந்தன. ஷரீஅத் பற்றி வாதங்கள் நடந்தன, முகவர்களைத் திட்டினோம், அரசாங்கத்தைத் திட்டினோம். எல்லாம் நியாயம்தான்.

அன்றைக்கு நான் வாட்டில் பயிற்சித் தாதியருக்குக் குழந்தைக்குப் புரையேறினால் என்ன செய்வது என்று காட்டிக்கொண்டிருந்தேன். குழந்தையை முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலையைத் தாழ்த்தி, தாடையை விரல்களால் தாங்கி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடியால் ஐந்து தட்டு. சரிவராவிட்டால் மல்லாக்காகத் திருப்பி நெஞ்சில் இரு விரலால் ஐந்து அழுத்து. ஒரு நிமிடப் பாடம். பதினேழு வயதுப் பிள்ளையிடம் ஒருவருடைய குழந்தையைக் கொடுத்து அனுப்பிய நாங்கள் யாரும் இந்த ஒரு நிமிடத்தை அவளுக்குக் கொடுக்கவில்லை. குழந்தை எப்படி இறந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. பயிற்சி என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால் எனக்கு அந்தப் பிள்ளையின் முகம்தான் வருகிறது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, போயா நாள். நான் அப்போது கரையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த, சிங்களவர் அதிகமாக வாழ்கிற ஊரொன்றின் ஆஸ்பத்திரியில் வேலை செய்தேன். நாட்டிலேயே அதிக உயிர்களைக் கடல் கொண்டுபோனது எங்கள் அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கும் மேல். பத்து மணிக்குப் பிறகு லொறிகளிலும் டிரக்டர்களிலும் ஆட்களைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனை, நிந்தவூர், திருக்கோவில் என்று ஊர்ப் பெயர்களைச் சொல்லிச் சொல்லி இறக்கினார்கள். பெண்களில் பலருக்கு உடம்பில் துணி இல்லை. அலை உரிந்துகொண்டு போயிருந்தது. கட்டில்களுக்கு இடையில் தரையிலும் படுக்கவைத்தோம். என்னோடு வேலை செய்த சிங்களத் தாதியர் மூன்று நாள் வீட்டுக்குப் போகவில்லை. தங்கள் வீட்டுச் சீலைகளையும் கவுன்களையும் கொண்டுவரச் சொல்லி அந்தப் பெண்களுக்கு உடுத்தினார்கள். அதை மறந்தால் நான் மனுஷி இல்லை.

ஆனால் அவர்களுக்குத் தமிழ் தெரியாது. வந்தவர்களுக்குச் சிங்களம் தெரியாது. "நெஞ்சுக்குள்ள மண் நிக்கிற மாதிரிக் கிடக்கு" என்று ஒரு பெண் சொன்னால், அதை மொழிபெயர்க்க அந்த வாட்டில் நான் ஒருத்திதான். கடல் தண்ணீரும் மண்ணும் நுரையீரலுக்குள் போனவர்களுக்கு முதல் நாள் ஒன்றும் தெரியாது. மூச்சு இரண்டாம் நாள்தான் மோசமாகும். ஆகவே அந்த வாக்கியம் முக்கியம். நான் இந்தக் கட்டிலில் நிற்கும்போது அந்தக் கட்டிலில் அதே வாக்கியத்தை யார் சொன்னார்கள், யார் கேட்டார்கள்? பிள்ளையைத் தேடுகிறவர்கள், கணவனைத் தேடுகிறவர்கள், தங்களை ஆண்கள் பார்த்துவிட்டார்களே என்று அந்த நேரத்திலும் கூசிக் குறுகியவர்கள். எல்லோரும் என்னுடைய கையைத்தான் பிடித்தார்கள். எனக்கு இரண்டு கைதான் இருந்தது.

பிரசவ அறைக்கு வெளியே நின்று "பொம்பிளை டொக்டர் இல்லியா, பொம்பிளை ஆக்கள்தானே உள்ளுக்கு?" என்று கேட்கிற வாப்பாமாரும் மாப்பிள்ளைமாரும் எனக்குப் புதிதல்ல. அவர்கள் கேட்பது நியாயமான உரிமை. ஒவ்வொரு தரமும் நான் மனதுக்குள் கேட்பது, உங்கள் வீட்டில் யாரை அனுப்பியிருக்கிறீர்கள் என்பதுதான். வாய்விட்டு ஒருநாள் கேட்டேன். அந்த மனிதர் யோசித்துவிட்டு, "எங்களுக்கு ஆம்பிளப் புள்ளையள்தான் மிஸ்" என்றார். ஆண்களும் தாதியராகலாம் என்றேன். அவர்களுக்கு ஒதுக்கப்படுகிற பங்கு மிகச் சிறிது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

மார்க்கத்தைக் காரணம் காட்டுகிறவர்களுக்கு ருபைதாவின் பெயரை ஞாபகப்படுத்துவேன். ஹந்தக் போரில் அம்பு பட்ட ஸஃது இப்னு முஆத் அவர்களைப் பள்ளிவாசலில் இருந்த ருபைதாவின் கூடாரத்துக்குத்தான் கொண்டுபோனார்கள். அவர் அன்ஸாரிப் பெண், அஸ்லம் கோத்திரம். காயம் கட்டுவதும் பராமரிப்பதும் அவருடைய பணி. நவீன தாதியத்தின் தாய் என்று சொல்லப்படுகிற புளோரன்ஸ் நைற்றிங்கேல் பேர் வாங்கியதும் 1854இல் இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில், துருக்கியப் படைமுகாம் கட்டடமொன்றில்தான். லண்டனில் பயிற்சிப் பாடசாலை தொடங்கியது அதற்குப் பிறகு, 1860இல். இந்தத் தகவல்களை நான் மேடையில் சொன்னால் கைதட்டுகிறார்கள். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே இப்போது மேடையில் சொல்வதில்லை.

அதற்குப் பதிலாக, கேட்க வருகிற பிள்ளைகளுக்குத் தொழிலைப் பற்றிச் சொல்கிறேன். இலங்கையில் ஒழுங்கான தாதியர் பாடசாலை 1939இல் கொழும்பில் தொடங்கியது. இன்று எங்கள் கிழக்கு மாகாணத்திலேயே மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. மூன்று வருடப் பயிற்சிக்குக் கட்டணம் இல்லை, கொடுப்பனவு உண்டு. முடித்தால் அரச நியமனம், தரம் மூன்றிலிருந்து மேலே ஏறலாம். மேலதிகப் பயிற்சி பெற்று வாட் சிஸ்டராகலாம், பொதுச் சுகாதாரத் தாதியாகலாம், பயிற்சிக் கல்லூரியில் போதிக்கலாம், மேட்ரனாகலாம். வேலையில் இருந்துகொண்டே பட்டம் எடுக்கத் திறந்த பல்கலைக்கழகம் 1994இல் வழி திறந்தது. அது நான் பயிற்சிக்குப் போன அதே வருடம். நான் அதன் பயனைப் பத்து வருடம் கழித்துத்தான் எடுத்தேன். நேரடியாகப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடத் தாதியப் பட்டம் படிக்கிற வாய்ப்பும் இப்போது உண்டு. கொழும்பு, ஜயவர்த்தனபுர, பேராதனை, ருஹுணு, யாழ்ப்பாணம் என்று போய், எங்களுக்கு மிகக் கிட்டியதாக மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் இருக்கிறது. மருத்துவத்துக்குச் சில புள்ளிகளால் தவறுகிற பிள்ளைகள் மூன்றாம் தரம், நான்காம் தரம் பரீட்சை எழுதி வயதைத் தொலைக்காமல் இதைப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு விடயத்தில் மட்டும் கடுமையாகப் பேசுகிறேன். எமது ஊர்களில் சந்திக்குச் சந்தி ஆறு மாத நேர்சிங் கோர்ஸ் என்று பலகை தொங்குகிறது. வீட்டிலிருந்து போய் வரலாம், உடுப்புப் பிரச்சினை இல்லை, ஹொஸ்டல் இல்லை என்பதால் எங்கள் பிள்ளைகள் அங்கேதான் போய்ச் சேர்கிறார்கள். காசும் கட்டுகிறார்கள். பராமரிப்பு உதவியாளர் வேலைக்கு அப்படியான சில கோர்ஸ்கள் உதவலாம். ஆனால் 1988ஆம் ஆண்டின் தாதியர் பேரவைச் சட்டத்தின் கீழ் பதிவு செய்கிற தகுதி அதனால் வராது. பதிவு இல்லாவிட்டால் அரச ஆஸ்பத்திரியில் தாதியாக நியமனம் இல்லை. வெளிநாட்டில் பதிவு செய்யவும் முடியாது. சேருவதற்கு முன், "இதைப் படிச்சா தாதியர் பேரவையில பதியலாமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதிலைக் கடிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரமாட்டார்கள்.

2022இல் நாடு வங்குரோத்தானபோது, அந்த வருடம் ஜூன் மாதத்தில் அரசாங்கம் தன் ஊழியர்களுக்குச் சம்பளமில்லாத ஐந்து வருட விடுமுறையில் வெளிநாடு போக அனுமதி கொடுத்தது. எங்கள் வாட்டிலிருந்தும் போனார்கள். எனக்கு எதிர்ப் பக்கம் நின்று கட்டில் விரித்த தம்பிலுவில்காரியின் மகளும் தாதிதான். அவளும் ஆங்கிலப் பரீட்சை எழுதி பிரித்தானியாவுக்குப் போனாள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கை, உலகத்தில் ஏறத்தாழ 2 கோடியே 80 இலட்சம் தாதியர் இருக்க, இன்னும் 59 இலட்சம் பேர் தேவைப்படுகிறது என்று சொன்னது. எந்த ஏஜென்சிக்காரனுக்கும் தலையைக் கொடுக்காமல் தன் பெயரில், தன் பதிவு இலக்கத்தில் ஒரு பெண் வெளிநாடு போக இந்தக் கரையில் வேறு எத்தனை வழி இருக்கிறது? போனவர்களின் வேலையையும் சேர்த்து நாங்கள் செய்கிறோம், முதுகு வலிக்கிறது. ஆனாலும் அந்தப் பிள்ளை போனதில் எனக்கு வருத்தம் இல்லை. இருக்கிற எங்களுக்கு ஆள் போதாது என்பதுதான் வருத்தம். அந்த இடத்துக்கு வரக்கூடியவர்கள் அக்கரைப்பற்றிலும் நிந்தவூரிலும் சம்மாந்துறையிலும் பெறுபேற்றைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார்கள்.

என்னை முடித்தவர் ஒரு ரீச்சர். பெண் பார்க்க வந்தபோது அவருடைய உம்மா, வேலையை விடுவாவா என்று கேட்டார். விடமாட்டேன் என்று வாப்பா எனக்காகச் சொன்னார். அந்த மாமி கடைசி இரண்டு வருடம் பாரிசவாதத்தில் படுத்திருந்தார். அவருடைய முதுகில் ஒரு புண் வரவில்லை. மௌத்தான பிறகு குளிப்பாட்டிய பெண்கள் அதைச் சொன்னார்கள். எனக்குக் கிடைத்த சான்றிதழ்களில் அதைத்தான் நான் பெரிதாக வைத்திருக்கிறேன்.

போன மாதம் எங்களூர்ப் பிள்ளை ஒன்று வாப்பாவோடு வீட்டுக்கு வந்தாள். உயிரியலில் இரண்டு சீ, ஒரு எஸ். வாப்பா மீன் வியாபாரம். ஹொஸ்டலில் சாப்பாடு எப்படி, தொழ இடமிருக்கா, லீவுக்கு எத்தனை நாளைக்கு ஒருக்கா வரலாம், இரவு டியூட்டிக்கு யாரு கூட்டிக்கொண்டு போவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். பிறப்பத்தாட்சிப் பத்திரம், பெறுபேறு, அடையாள அட்டை எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவைக்கச் சொன்னேன். எங்கள் பெயர்கள் ஒவ்வொரு கந்தோரிலும் ஒவ்வொரு விதமாக எழுதப்படுகிற பெயர்கள். கலியாணம் ஏதும் பேசியிருக்கா என்றும் கேட்டேன். பிள்ளை வாப்பாவைப் பார்த்தாள். "கேட்டு வந்திருக்காங்க மிஸ். இன்னும் சொல் குடுக்கல்ல" என்றார். வர்த்தமானி எப்போது வரும் என்று கேட்டார். நாள் சொல்ல முடியாது, வருவது வெள்ளிக்கிழமைகளில் என்றேன்.

"வெள்ளிக்கெழமயா? அப்ப ஜும்ஆ முடிஞ்சு வந்து மகள்ட போன்ல பாத்துக்கிறன்" என்று சொல்லிவிட்டு எழும்பினார். பிள்ளை மட்டும் வாசலில் ஒரு நிமிடம் நின்று, உயரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டாள். சுவரோடு நிற்கச் சொல்லி அளந்து பார்த்தேன். போதும்.